பத்து நாள் வெயில், இரண்டு நிமிடக் காற்று: பி.ஏ.எம். பாய்வு உலை – ஒரு மதிப்பீடு

காற்றில் மிதக்கும் நுண்துகளின் மேல் வினைத்திறன் மிகுந்த அணுக்களும் ராடிக்கல்களும் (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுத் துண்டுகள்) மோதும்போது என்ன நடக்கிறது என்பதை ஆய்வகத்தில் பார்க்க நெடுங்காலமாகப் பெரிய டெஃப்லான் பைகளையே நம்பியிருந்தார்கள். பையை நிரப்ப அரை நாள், ஒரு சோதனைக்கு ஒரு நாள், கழுவி மீட்க இன்னொரு நாள். அவ்வளவு உழைத்தும், வெளிக்காற்றில் ஒரு நாளில் நடப்பதைத் தாண்டிப் போவது அரிது. இந்தத் தடையை உடைக்க வந்ததுதான் பி.ஏ.எம். (Potential Aerosol Mass, உருவாகக்கூடிய துகள் நிறை) பாய்வு உலை, அதாவது காற்றை ஓடவிட்டபடியே வினைபுரியச் செய்யும் கலன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் குழு 2007இல் இதன் அடிப்படைக் கருத்தை வெளியிட்டது. இன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஏரோடைன் ரிசர்ச் நிறுவனம் விற்கும் வடிவம், ஏறத்தாழ 13 லிட்டர் கொள்ளளவுள்ள ஒரு கிடைமட்ட அலுமினிய உருளை. உள்ளே புற ஊதா விளக்குகள். ஒரு முனையில் காற்று நுழைந்து மறுமுனையில் வெளியேறும். நிமிடத்துக்கு 5 முதல் 10 லிட்டர் ஓடவிட்டால், காற்று உள்ளே தங்குவது 80 முதல் 160 வினாடி. அந்த நேரத்துக்குள் பல நாள் வெயிலுக்கு ஈடான ஆக்ஸிஜனேற்றம் முடிந்துவிடுகிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்லது, கட்டுமானம் உறுதியானது, வேகத்தில் இதற்கு ஈடு குறைவு. ஆனால் "இத்தனை நாள் முதுமை" என்று அது தரும் ஒற்றை எண்ணை மட்டும் பார்த்து வேலை செய்கிறவருக்கு இது தவறான விடையைத் துல்லியமாகத் தரும். எந்த அணு எங்கே பிறக்கிறது, துகளைச் சேர்வதற்குள் வழியில் எதனிடம் மாட்டுகிறது என்பது தெரிந்தவர் கையில்தான் இது கருவி.

அணுக்கள் பிறக்கும் இடம்

குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு இரண்டு அலைநீளங்களில் முக்கியமாக ஒளிவிடும்: 254 நானோமீட்டர், 185 நானோமீட்டர். சில வகைக் குவார்ட்ஸ் உறை 185ஐத் தடுத்துவிடும். தனி வகைக் குவார்ட்ஸ் அதை வெளியே விடும். இந்த உலையில் இரண்டு வகை விளக்கையும் பொருத்தலாம். அதை வைத்தே இயக்க முறையும் இரண்டாகிறது.

185 முறையில், ஒளி நீர்மூலக்கூறை நேரடியாக உடைத்து ஒரு ஹைட்ரஜன் அணுவையும் ஒரு ஹைட்ராக்சில் ராடிக்கலையும் (OH; இந்த உலையின் முக்கிய ஆக்ஸிஜனேற்றி) தருகிறது. அதே ஒளி ஆக்ஸிஜன் மூலக்கூறையும் இரண்டு அணுக்களாகப் பிளக்கிறது. ஒவ்வோர் அணுவும் இன்னோர் ஆக்ஸிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது. ஆக, ஓசோன் வெளியிலிருந்து தர வேண்டியதில்லை, உள்ளேயே விளைகிறது. 254 முறையில் 185 ஒளி கிடையாது. ஓசோனை வெளியே தயாரித்து உள்ளே செலுத்த வேண்டும்.

இரண்டு முறைக்கும் பொதுவான படி இதுதான்: 254 ஒளி ஓசோனை உடைக்கும்போது கிளர்நிலை ஆக்ஸிஜன் அணு பிறக்கிறது. இந்த அணு நீரைச் சந்தித்தால் இரண்டு ஹைட்ராக்சில் கிடைக்கும். நைட்ரஜனையோ ஆக்ஸிஜனையோ சந்தித்தால் ஆற்றலை இழந்து அடிநிலைக்கு இறங்கி, மறுபடி ஓசோனாகிவிடும். யார் யாரை எத்தனை முறை சந்திக்கிறார்கள் என்பதை வினைவேக மாறிலிகளை (இரண்டு பொருள்கள் எவ்வளவு வேகமாக வினைபுரியும் என்று காட்டும் எண்கள்) வைத்துக் கணக்கிடலாம். அறை வெப்பநிலையில், காற்றில் நீராவி 1 சதவீதம் இருந்தால், நூறு கிளர்நிலை அணுக்களில் ஏறக்குறைய ஆறுதான் நீரைப் பிடிக்கின்றன. நீராவி 0.1 சதவீதமாகக் குறைந்தால் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது.

ஈரப்பதமாக்கியைக் கருவியின் துணைப் பொருளாகக் கருதக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே காரணம். அது உலையின் பாதி. 25 டிகிரி செல்சியஸில் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் நீராவி ஏறத்தாழ 1.6 சதவீதம்; நிம்மதியாக வேலை செய்யலாம். அதே 50 சதவீத ஈரப்பதம் 5 டிகிரியில் வெறும் 0.4 சதவீத நீராவிதான். குளிர்காற்றை நேராக உறிஞ்சி, "ஈரப்பதமானி 50 காட்டுகிறது, சரிதான்" என்று எண்ணினால் ஹைட்ராக்சில் விளைச்சல் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிப்போகும். சார்பு ஈரப்பதத்தை அல்ல, நீராவியின் சதவீதத்தையே குறித்துக்கொள்ளுங்கள். 0.8 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பது பாதுகாப்பு. 0.1 சதவீதத்துக்குக் கீழே போனால், கரிமச் சேர்மங்களை ஹைட்ராக்சில் தாக்குவதைவிடப் புற ஊதா ஒளியே நேரடியாக உடைக்கத் தொடங்கும். வளிமண்டலத்தின் அடிப்பகுதியில் 185ம் இல்லை, 254ம் இல்லை. எனவே அப்படிக் கிடைக்கும் விளைபொருளுக்கு வெளியுலகில் ஒப்பே கிடையாது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. 254 முறையில் ஓசோன் வரத்தை மட்டும் நிறுத்திவிட்டு விளக்கை முழு அளவில் எரியவிடுங்கள். ஹைட்ராக்சில் பிறக்க மூலப்பொருள் இல்லை. அப்போதும் உங்கள் சேர்மம் குறைகிறது என்றால், குறைவது முழுவதும் ஒளியால்தான். நைட்ரோபீனால்கள், கார்பனைல்கள், பழுப்புநிறக் கரிமத் துகள்கள் ஆகியவற்றோடு வேலை செய்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைத் தவறவிடவே கூடாது.

வழிமறிக்கும் கூட்டம்

ஹைட்ராக்சில் துகளைச் சேருமுன், உடன் வரும் வாயுக்கள் அதைப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு வேகமாகப் பிடிக்கின்றன என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வாயுவின் செறிவை அதன் வினைவேக மாறிலியால் பெருக்க வேண்டும். டொலுயீன் 100 பிபிபி (நூறு கோடியில் 100 பங்கு) இருந்தால் வினாடிக்கு 14. அதே 100 பிபிபி ஐசோப்ரீன் என்றால் வினாடிக்கு 250ஐ நெருங்குகிறது. பாய்வு உலையைப் பொறுத்தவரை முதலாவது தாங்கக்கூடியது. இரண்டாவது ஹைட்ராக்சிலை நசுக்கிவிடும். வாங்கிய புதிதில் எல்லோரும் செய்கிற தவறு, துகள் நிறைய வர வேண்டும் என்று மூலவாயுவை அள்ளிக் கொட்டுவது. வாயு கூடக் கூட ஹைட்ராக்சில் குறையும், ஓசோனும் புற ஊதாவும் மட்டும் குறையாமல் நிற்கும். வினையின் போக்கே திசைமாறும்.

தீர்வு நீர்த்தல்தான். வாகனப் புகையைப் போன்ற செறிந்த வாயு என்றால் முதலில் தூய காற்றால் பல மடங்கு நீர்த்து, வினாடிக்கு 50க்குக் கீழே கொண்டுவந்த பிறகே உள்ளே விடுங்கள். ஐசோப்ரீனில் பத்து மடங்கு நீர்த்தால் 25, அது போதும். நீர்த்ததால் துகள் நிறை அளக்க முடியாத அளவுக்குக் குறைகிறது என்றால் அளக்கும் கருவியைத்தான் மாற்ற வேண்டும், வாயுவின் அளவை அல்ல.

நைட்ரஜன் ஆக்ஸைடுகள் இன்னும் சங்கடமானவை. நகரக் காற்றைப்போல் ஒரு சூழலை உருவாக்க நைட்ரிக் ஆக்ஸைடை நேராகச் செலுத்தினால் பயனில்லை. ஓசோன் 5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 5 பங்கு) இருக்கும் உலையில் அதன் ஆயுள் அரை வினாடிகூட இல்லை. நுழைவாயிலிலேயே நைட்ரஜன் டை ஆக்ஸைடாகிவிடும். இதற்கான நல்ல மாற்று நைட்ரஸ் ஆக்ஸைடு. அது ஓசோனைச் சட்டை செய்யாது. கிளர்நிலை ஆக்ஸிஜன் அணு அதனோடு மோதும்போது இரண்டு நைட்ரிக் ஆக்ஸைடு பிறக்கும், உருளையின் நீளம் முழுவதும். ஆனால் இதற்கு நைட்ரஸ் ஆக்ஸைடு சதவீத அளவில் வேண்டும், பிபிபி அளவில் அல்ல. பெரிய உருளை வாங்கும் செலவைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துகளின் பக்கம்

விற்பனைக் குறிப்புகளில் இந்தப் பகுதிக்கு இடமே இருப்பதில்லை. துகள் ஆய்வுக்காக இந்த உலையை வாங்குகிறவருக்கோ இதுதான் தலையாய பகுதி.

துகளும் வினைத்திறன் மிக்க வாயுவும் சந்திக்க இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று, ராடிக்கல் துகளின் மேற்பரப்பில் நேரடியாக மோதி, அங்கிருக்கும் மூலக்கூறிலிருந்து ஹைட்ரஜன் அணுவைப் பிடுங்குவது. மற்றொன்று, ராடிக்கல் வாயுவிலேயே வினைபுரிந்து, ஆவியாகும் தன்மை குறைந்த பொருளை உண்டாக்கி, அந்தப் பொருள் துகளின் மேல் படிவது. பாய்வு உலையில் இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. பிரித்தறிவது உங்கள் வேலை.

முதல் பாதைக்கு ஒரு கணக்கு. ஹைட்ராக்சில் அறை வெப்பநிலையில் வினாடிக்குச் சுமார் 600 மீட்டர் வேகத்தில் அலைகிறது. ஒரு கன சென்டிமீட்டரில் நூறு கோடி ஹைட்ராக்சில் இருந்தால், 100 நானோமீட்டர் விட்டமுள்ள துகள் ஒன்றின் மேல் வினாடிக்கு ஏறத்தாழ 4,800 மோதல்கள். ஸ்குவாலேன் என்ற எண்ணெயால் ஆன துகளாக இருந்தால், அதனுள் சுமார் ஆறு லட்சம் மூலக்கூறுகள் இருக்கும். தூய ஸ்குவாலேனில் நூறு மோதலுக்கு ஏறத்தாழ முப்பது மோதல் ஒரு மூலக்கூறை மாற்றிவிடுகிறது. 100 வினாடியில் மூலக்கூறுகளில் நான்கில் ஒரு பங்கு அடி வாங்கியிருக்கும். இது ஹைட்ராக்சில் வெளிப்பாட்டில் (செறிவை நேரத்தால் பெருக்கிய அளவில்) வெளிக்காற்றின் முக்கால் நாளுக்கு ஈடு. துகள் விட்டம் 200 நானோமீட்டர் ஆனால், மேற்பரப்பு நான்கு மடங்கும் கன அளவு எட்டு மடங்கும் கூடுவதால், அதே நேரத்தில் பாதிதான் மாறும். ஆகவே "ஒரு நாள் முதுமை" என்ற சொல்லுக்கு, துகளின் அளவைச் சேர்த்துச் சொல்லாதவரை, துகளைப் பொறுத்தவரை பொருளில்லை. அளவு வாரியாகப் பிரித்த துகளையே உள்ளே அனுப்புங்கள். கலவையாக அனுப்பினால் சராசரிதான் கிடைக்கும்.

இரண்டாம் பாதையில் சிக்கல் வேறு. வாயுவில் பிறந்த, படியத் தயாரான மூலக்கூறுக்கு முன்னால் நான்கு வாசல்கள்: துகளின் மேல் படியலாம், சுவரில் ஒட்டலாம், மறுபடி மறுபடி ஹைட்ராக்சிலிடம் அடிவாங்கிச் சிறு துண்டுகளாகச் சிதறலாம், ஒன்றும் ஆகாமல் வெளியேறலாம். சுவருக்குப் போக இந்த உருளையில் ஏறத்தாழ 400 வினாடி என்று கணக்கிடுவது வழக்கம். வெளியேற 100 வினாடி. துகளைச் சேர எவ்வளவு என்பது துகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது: ஒரு கன சென்டிமீட்டரில் 100 நானோமீட்டர் துகள் பத்தாயிரம் இருந்தால் சுமார் 80 வினாடி, ஆயிரம்தான் இருந்தால் 800 வினாடிக்கு மேல். முதல் நிலையில் பாதியாவது துகளில் சேர்கிறது. இரண்டாம் நிலையில் பத்தில் ஒன்று சேர்ந்தாலே அதிகம். மீதி முழுவதும் "துகளாகவில்லை" என்று பதிவாகும். உண்மையில் அது துகளைக் கண்டுபிடிக்க நேரம் போதாமல் போன பொருள். வெளிக்காற்றில் அதற்கு நேரம் உண்டு.

அதனால் விதைத் துகள், அதாவது ஆவி படிய இடம் தரும் துகள், முன்கூட்டியே போடுங்கள். அட்டமைசரில் (கரைசலை நுண்துளிகளாக்கும் கருவி) அம்மோனியம் சல்பேட் கரைசல் தெளித்து, உலர்த்தி, மின்னூட்டத்தைச் சமன்படுத்தி, எண்ணிக்கை நிலையாக வரும்வரை காத்திருந்து, பிறகே மூலவாயுவைத் திறக்க வேண்டும். விதை இல்லாமலும் துகள் பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் சில பத்து நானோமீட்டர் அளவுள்ளவை. இந்த உலையில் 150 நானோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களில் 80 சதவீதத்துக்கு மேல் மறுமுனையை அடைகின்றன. அளவு குறையக் குறைய இழப்பு கூடும். சிறிய துகள் அளக்கிறவர்கள் ஒவ்வோர் அளவுக்கும் உள்ளே, வெளியே எண்ணி, தனித் திருத்த எண் வைத்துக்கொள்ள வேண்டும். வேறொரு குழு வெளியிட்ட எண்ணை எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. நுழைவாயில் பொருத்து மாறினாலே இழப்பும் மாறும்.

விளக்கை ஏற்ற ஏற்றத் துகள் நிறை கூடிக்கொண்டே போகும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு கட்டம் வரை கூடும். அதன்பின் இறங்கும். கன சென்டிமீட்டருக்கு ஆயிரம் கோடி ஹைட்ராக்சில் என்ற உச்சத்தில், படியத் தயாரான மூலக்கூறு ஒவ்வொன்றும் பத்து வினாடிக்கு ஒருமுறை அடி வாங்குகிறது. துகளைச் சேர 80 வினாடி ஆகும் என்றால், அதற்குள் ஏழெட்டு முறை உடைபட்டுவிடும். வெளிக்காற்றை இழுத்து அளந்த பல ஆய்வுகளில் இரண்டு மூன்று நாளுக்கு ஈடான நிலையில் உச்சமும் அதன்பின் சரிவும் தெரிவது இதனால்தான். சரிவின் ஒரு பகுதி உண்மையான வேதியியல். ஒரு பகுதி உலையின் அவசரம். விதையைக் கூட்டிப் பார்த்தால் எது எவ்வளவு என்று பிரியும்: அவசரத்தால் வந்த இழப்பு மீளும், வேதியியலால் வந்தது மீளாது.

அளவீடு செய்யும் முறை

கருவியோடு வரும் மென்பொருள் காட்டும் மதிப்பீட்டை நம்பி நிறுத்திவிடாதீர்கள். நீங்களே அளவீடு செய்ய வேண்டும். அதற்கு சல்பர் டை ஆக்ஸைடு அனலைசர் அல்லது கார்பன் மோனாக்ஸைடு அனலைசர் ஒன்று அவசியம்.

விளக்குகளின் குவார்ட்ஸ் உறைக்குள் நைட்ரஜன் ஓட்டத்தை முதலில் திறங்கள். உறைக்குள் சாதாரணக் காற்று இருந்தால் அதிலுள்ள ஆக்ஸிஜன் 185 ஒளியை விழுங்கி, அங்கேயே ஓசோனாகித் தேங்கும். பிறகு ஈரப்பதமான தூய காற்றை ஓடவிட்டு, விளக்கு அணைந்த நிலையில் சல்பர் டை ஆக்ஸைடை நூறு பிபிபி அளவில் செலுத்தி, அளவு அசையாமல் நிற்கும்வரை பாருங்கள். அதுதான் தொடக்க மதிப்பு. விளக்கை ஏற்றி அரை மணி நேரம் சூடாக விடுங்கள். விளக்கின் ஒளி 0 முதல் 10 வோல்ட் வரையான கட்டுப்பாட்டு மின்னழுத்தத்தால் கூடிக் குறையும், ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. மிகக் கீழே இறக்கினால் ஒளி நடுங்கும். ஆகவே மேலிருந்து கீழாகப் படிப்படியாக வாருங்கள். ஒவ்வொரு படியிலும், தங்கும் நேரத்தைப்போல் மூன்று மடங்காவது காத்திருந்து பிறகே குறியுங்கள். நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓட்டத்தில் அது எட்டு நிமிடம். அதற்கு முன் எடுத்த எண்ணில் பழைய காற்று கலந்திருக்கும்.

கணக்கு எளிது. தொடக்க மதிப்பை இறுதி மதிப்பால் வகுத்து, அதன் இயல் மடக்கையை வினைவேக மாறிலியால் வகுத்தால் ஹைட்ராக்சில் வெளிப்பாடு வரும். சல்பர் டை ஆக்ஸைடுக்கு மாறிலி சுமார் 9×10⁻¹³ (கன செ.மீ./மூலக்கூறு/வினாடி); கார்பன் மோனாக்ஸைடுக்கு 2.4×10⁻¹³. சல்பர் டை ஆக்ஸைடு பாதியாகக் குறைந்தால் வெளிப்பாடு 7.7×10¹¹. வெளிக்காற்றில் ஹைட்ராக்சிலின் சராசரிச் செறிவைக் கன சென்டிமீட்டருக்கு 1.5×10⁶ என்று கொண்டால் ஒரு நாளுக்கு 1.3×10¹¹, ஆக, ஏறக்குறைய ஆறு நாள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இந்த அளவீடு தூய காற்றில் செய்தது. உண்மைச் சோதனையில் மூலவாயு உள்ளே வந்ததும் ஹைட்ராக்சில் குறையும். தூய காற்றில் கிடைத்த ஆறு நாளை அப்படியே சோதனைக்கும் எழுதினால், உண்மையில் இரண்டு நாளாகக்கூட இருக்கலாம். மூலவாயுவோடு சேர்த்தே அளவிட வேண்டும். சல்பர் டை ஆக்ஸைடு கந்தக அமிலத் துகளைத் தரும் என்பதால், துகள் அளக்கும்போது அதைச் செலுத்தவும் முடியாது. வாயு அளக்கும் நிறைமாலைமானி இருப்பவர்களுக்கு நல்ல வழி, ஒன்பது டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) அணுக்கள் கொண்ட பியூட்டனாலைச் சிறிதளவு கலந்து, அதன் தேய்வைப் பார்ப்பது. அதன் மாறிலி 3.4×10⁻¹². டியூட்டீரியம் இருப்பதால் வேறெந்தச் சேர்மத்தோடும் குழம்பாது. இல்லாதவர்கள் கார்பன் மோனாக்ஸைடைப் பயன்படுத்தலாம். 1 பிபிஎம் சேர்த்தால் ஹைட்ராக்சிலின் சுமை வினாடிக்கு 6 கூடும் என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளோரின் அணு முறை

கறாராகச் சொன்னால் ஹைட்ராக்சில் ஓர் அணு அல்ல. அசல் அணு ஒன்றைத் துகளோடு மோதவிட வேண்டும் என்றால் குளோரின்தான். கடற்கரை நகரங்களின் விடியற்காற்றில் குளோரின் அணுவுக்கு உண்மையிலேயே இடமுண்டு. இரவில் டை நைட்ரஜன் பென்டாக்ஸைடு உப்புத்துகளில் மோதி நைட்ரைல் குளோரைடாக வெளியேறுகிறது. காலை வெயில் அதை உடைத்துக் குளோரின் அணுவை விடுவிக்கிறது. துகளே அணுவைப் பிறப்பித்து, அந்த அணுவே மற்றத் துகளைத் தாக்குகிறது.

உலையில் இதைச் செய்ய, விளக்கை 350 முதல் 370 நானோமீட்டர் வகைக்கு மாற்றிக் குளோரின் வாயுவைச் செலுத்தலாம். அல்லது 254 விளக்கையே வைத்துக்கொண்டு ஆக்ஸாலில் குளோரைடை உடைக்கலாம். முதல் வழியில் மிஞ்சும் குளோரின் மூலக்கூறு தொல்லை தரும்: துகளின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் இழந்து நிற்கும் கரிம ராடிக்கல் குளோரின் மூலக்கூறிலிருந்து ஓர் அணுவைப் பிடுங்கிக்கொள்ள, மற்றோர் அணு விடுபட்டு அடுத்த மூலக்கூறைத் தாக்கும். ஒரு மோதலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் அழிவதாகக் கணக்கில் வரும். அப்படி வந்தால் கருவி பழுது என்று எண்ண வேண்டாம். சங்கிலிவினை ஓடுகிறது என்று பொருள். ஆக்ஸிஜனின் அளவைக் கூட்டினால் அது கரிம ராடிக்கலை முந்திப் பிடித்துச் சங்கிலியைக் கட்டுப்படுத்தும். வெளிக்காற்றின் நிலையைக் காட்ட வேண்டுமானால் நைட்ரஜனில் அல்ல, காற்றில்தான் ஓட்ட வேண்டும்.

ஆக்ஸாலில் குளோரைடு வழியில் சங்கிலித் தொல்லை குறைவு. ஆனால் அது நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடாகச் சிதைந்துவிடும். முற்றிலும் உலர்ந்த காற்று தேவை. அது உடையும்போது கார்பன் மோனாக்ஸைடும் வருவதால், அளவீட்டுக்கு அந்த வாயு உதவாது. ஈத்தேன் நல்ல மாற்று. ஹைட்ராக்சிலைவிட இருநூறு மடங்குக்கு மேல் வேகமாகக் குளோரின் அணு அதைத் தாக்குகிறது. மாறிலி சுமார் 5.8×10⁻¹¹. ஈத்தேன் பாதியானால் வெளிப்பாடு 1.2×10¹⁰. தவறிப் பிறக்கும் ஹைட்ராக்சில் இந்தக் கணக்கைக் குழப்ப முடியாது.

குளோரின் ஓட்டிய உலையை மறுநாள் ஹைட்ராக்சிலுக்குப் பயன்படுத்த எண்ணாதீர்கள். சுவரில் தங்கிய குளோரின் சேர்மங்கள் மெல்ல மெல்ல வெளிவரும். ஈரம் பட்டால் எஃகுப் பொருத்துகளை அரிக்கும். வசதி இருந்தால் குளோரினுக்குத் தனி உருளை வையுங்கள்.

குழாய், ஓசோன், வெப்பம்

கருப்பு நிறச் சிலிக்கோன் குழாய் மின்கடத்தும், துகளை இழக்காது என்று பல ஆய்வகங்களில் வழக்கமாகப் பயன்படுகிறது. இந்த உலைக்கு முன்னால் அதைப் போடவே கூடாது. அதிலிருந்து கசியும் சிலாக்ஸேன் (சிலிக்கான் சேர்மம்) ஆவி உலைக்குள் ஆக்ஸிஜனேற்றமாகித் துகளாகவே மாறிவிடும். துகள் வழிக்குச் செம்பு அல்லது எஃகுக் குழாய், வாயு வழிக்கு டெஃப்லான். டெஃப்லானில் துகளை அனுப்பினால் நிலைமின்னூட்டம் சிறிய துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெளியேறும் காற்றில் பிபிஎம் கணக்கில் ஓசோன் இருக்கும். பணியிட வரம்பாகப் பரவலாகக் கொள்ளப்படும் அளவு 0.1 பிபிஎம். மிச்சக் காற்றை மாங்கனீசு டை ஆக்ஸைடு வினையூக்கி வழியாகவோ கரித்தூள் வழியாகவோ செலுத்தி, வெளியேற்றக் குழாயில் விடுங்கள். அளக்கும் கருவிக்குப் போகும் வழியிலும் ஓசோனை நீக்கும் டென்யூடர் வேண்டும். இல்லாவிட்டால் குழாயிலும் வடிகட்டியிலும் வினை தொடர்ந்துகொண்டே இருக்கும். ரப்பர் வளையங்களும் விரிசல் விடும்.

விளக்குகள் சூட்டைத் தருகின்றன. எத்தனை விளக்கு, எவ்வளவு ஒளி என்பதைப் பொறுத்து உள்ளே சில டிகிரி ஏறும். மேல்பகுதி சூடாகவும் கீழ்ப்பகுதி குளிராகவும் இருந்தால் காற்று சீராக முன்னேறாமல் சுழலும். ஒரு பகுதி சீக்கிரம் வெளியேறும், ஒரு பகுதி தேங்கும். உள்ளே ஒரு வெப்பமானியும் ஈரப்பதமானியும் வைத்து, வெளியில் அளந்த ஈரப்பதத்தை உள்ளே இருப்பதாகக் கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிழை தீரும்.

யாருக்கு உதவும், எதற்கு உதவாது

வாகனப் புகை, சமையல் புகை, சுரங்கப்பாதைக் காற்று என்று நொடிக்கு நொடி மாறும் மூலங்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. பையில் அடைத்தால் சராசரிதான் தெரியும். இதில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றம் தெரியும். விமானத்தில் ஏற்றிப் பறக்கவிடும் அளவுக்குக் கச்சிதமானது என்பதும் கூடுதல் சிறப்பு.

ஆனால் ஹைட்ராக்சிலை ஆயிரம் மடங்கு, பத்தாயிரம் மடங்கு கூட்டினால் எல்லா வினையும் அதே மடங்கு வேகமெடுக்காது. துகளுக்குள் அமிலத்தால் நடக்கும் மெதுவான இணைப்புகள், கண்ணாடிபோல் இறுகிய துகளின் உள்ளே மூலக்கூறு நகர்வது, மேகத்துளிக்குள் நடக்கும் வேதியியல் ஆகியவை கடிகார நேரத்தைத்தான் கேட்கும். இரண்டு நிமிடத்தில் அவை நடக்காது. பெராக்ஸி ராடிக்கல் (கரிம ராடிக்கலோடு ஆக்ஸிஜன் சேர்ந்து பிறப்பது) தன்னையே மெல்ல ஆக்ஸிஜனேற்றிக்கொள்ளும் படிகளும் இந்த அவசரத்தில் குறுக்கே வெட்டப்படலாம். இவற்றை ஆய்கிறவர் பெரிய பையோடுதான் இருக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பவர்கள், ஒரே மூலவாயுவை இரண்டிலும் ஓட்டி, ஒரு நாளுக்குக் கீழான வெளிப்பாட்டில் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே மேலே போவது நல்லது.

நிதி ஒதுக்கும்போது உலையின் விலையை மட்டும் பார்த்தால் தவறிவிடும். ஈரப்பதமாக்கி, தூய காற்று வரத்து, ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகள், ஒரு வாயு அனலைசர், துகளின் அளவுப் பரவலை அளக்கும் எஸ்.எம்.பி.எஸ்., ஓசோன் மானி, மாற்று விளக்குகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு வேலை செய்யும் அமைப்பு. இவற்றில் அனலைசரை விட்டுவிட்டு உலையை மட்டும் வாங்குவதைவிட, இருக்கிற பணத்துக்கு ஓர் எளிய கண்ணாடிக் குழாய் உலையும் நல்ல அனலைசரும் வாங்குவது மேல்.

பராமரிப்பு அதிகம் இல்லை, தவறவும் கூடாது. விளக்குகள் மூப்படையும்போது 185 ஒளி 254ஐவிட முந்திக் குறைகிறது. ஆகவே ஓசோன் மானி காட்டும் எண்ணை ஒவ்வொரு வாரமும் ஒரே மின்னழுத்தத்தில், ஒரே ஈரப்பதத்தில் குறித்து வாருங்கள். படிப்படியாக இறங்கினால் விளக்கை மாற்றும் நேரம். ஒவ்வொரு தொடர் சோதனைக்கு முன்னும் ஈரப்பதமான தூய காற்றை மட்டும் விட்டு, விளக்கை முழு அளவில் ஏற்றித் துகள் எண்ணிக்கையைப் பாருங்கள். துகள் பிறக்கிறது என்றால் சுவரில் பழைய சோதனையின் மிச்சம் இருக்கிறது. அதே நிலையில் இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் மறுபடி பாருங்கள். அப்போதும் குறையவில்லை என்றால் மூலம் சுவரில் இல்லை, தூய காற்று வரத்தில் இருக்கிறது, வடிகட்டியை மாற்றுங்கள். உருளையைத் திறக்க வேண்டி வந்தால், விளக்கின் மின்சாரத்தை முதலில் துண்டியுங்கள். புற ஊதா ஒளி கண்ணில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது, எரிச்சல் சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அதன்பின் பத்து நிமிடம் காற்றை ஓடவிட்டு, ஓசோன் மானி சுழியத்தை ஒட்டி வந்ததும் மூடியைக் கழற்றுங்கள்.